முப்பது எழுத்துக்கு இடம்

திருவொற்றியூரில் இருபத்தாறு வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். மற்ற ஊர்களில் கம்ப்யூட்டரை வைரஸ் கெடுக்கும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் உப்புக் கெடுக்கும். ஜன்னலைச் சாத்தி, துணி போட்டு மூடி, மேலே ஒரு கவரையும் மாட்டி வைத்தாலும் கடல் காற்று எப்படியோ உள்ளே போய் மதர்போர்டில் பச்சையாகப் பூத்துவிடும். அது போதாதென்று காற்றில் அனல் மின் நிலையச் சாம்பல் வேறு. இரண்டும் சேர்ந்தால் எந்தக் கம்பெனிச் சரக்கும் ரெண்டு மழைக்காலம் தாண்டாது. மூன்று வருஷ வாரண்டி என்று அட்டையில் அச்சடித்தவன் என் வீடு இருக்கிற எர்ணாவூரில் வந்து ஒரு மாசம் குடியிருந்து பார்க்கட்டும்.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள். வாக்கிடாக்கி, ஜிபிஎஸ், செல்போன் என்று எதையாவது தண்ணீரில் நனைத்துக்கொண்டு வருவார்கள். வருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்திருப்பார்கள். உயிர் இருக்கிறதா என்று ஆன் பண்ணிப் பார்த்திருப்பார்கள். அங்கேதான் கதை முடியும். தண்ணீரால் சாகிற சிப் குறைவு. தண்ணீரோடு கரண்ட் கொடுத்தால்தான் சாகும், அதுவும் உப்புத் தண்ணீர் என்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள். அதனால் கடை வாசலில் பெயின்டால் நானே எழுதி வைத்திருக்கிறேன்: "தண்ணியில் விழுந்ததா? ஆன் பண்ணாதே. அப்படியே கொண்டு வா." இதைப் படிக்காமல் வருகிறவர்களிடம் நான் பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது.

ஊருக்குத்தான் உபதேசம். அந்த போர்டை எழுதிய கையால் நான் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறது. எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் அவளும் நானும்தான், இரண்டு பேருக்குமே வாய் அதிகம், அதனால் வீடு நிறைந்த மாதிரி இருக்கும். அவளுக்குச் சுகர். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்வாள். ஊசி போட்டால் சீக்கிரம் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சுகர் மளமளவென்று இறங்கிவிடும். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நான் வராமல் தட்டைத் தொட மாட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். சொல்லியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். "நீ துன்னாம நான் துன்னா எறங்காதுயா" என்பாள். கடைசியில் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்தது. எனக்கு நேரமாகும் என்றால் நான் "நீ சாப்ட்டு படு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சொன்னால் சாப்பிடுவாள். சொல்லாவிட்டால் உட்கார்ந்திருப்பாள்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அது நான் போட்டது. வேலையில் இருக்கும்போது எனக்குப் போன் பண்ணக் கூடாது. ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிற நேரத்தில் போன் அடித்தால் எனக்குக் கோபம் வரும். இரண்டு தடவை கத்தியிருக்கிறேன். அதனால் அவள் போன் பண்ணுவதை விட்டுவிட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பப் பழகினாள்.

அன்றைக்கு ராயபுரத்தில் கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் சர்வர் படுத்துவிட்டது. காலையில் போனேன். டிஸ்க் முனகிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டால் நேரமில்லை என்று அர்த்தம். உள்ளே இருப்பதை வேறொரு டிஸ்க்குக்கு மாற்ற ஆரம்பித்தேன். பாதியில் விட்டால் மறுபடி எழுந்திருக்காது. ஒன்றே காலுக்கு அவளுடைய மெசேஜ் வந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கேட்டேன்.

"யோவ், கேன் தண்ணி தீந்துட்சு. வர சொல்லோ ஒண்ணு எடுத்துகினு வா. ஊசி போட்டுகினேன். மீன் கொழம்பு வெச்சிகீறேன். எப்போ வருவே? குந்தினு கீறேன்."

கேட்டேன். அவளுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. இரண்டு கையும் வேலையில் இருந்தது, இதோ முடிந்துவிடும், கிளம்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். இதோ இதோ என்று மூன்று மணி ஆயிற்று. அந்த ஆபீஸின் டிஸ்க்கில் இருந்தது மொத்தமும் பிழைத்தது, ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. மேனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கினார். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் ட்ரெய்லர் வரிசையில் மாட்டி, வண்டியை உருட்டாத குறையாக வீடு வந்து சேர நாலு மணி. தண்ணி கேன் எடுத்துவர மறந்துவிட்டேன்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் இரண்டு தட்டு, இரண்டின் மேலும் மூடி. தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

சுகர் இறங்கியிருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். "இருக்கலாம்" என்ற வார்த்தையை அவர் இரண்டு தடவை சொன்னார். அதற்கப்புறம் நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனதே இல்லை. கடையிலேயே நின்றுகொண்டு எதையாவது வாயில் போட்டுக்கொள்வேன்.

அந்த வாய்ஸ் மெசேஜ் மட்டும் போனில் இருந்தது. பதினோரு வினாடி. காலையில் எழுந்ததும் ஒரு தடவை கேட்பேன், ராத்திரி படுக்கும்போது ஒரு தடவை. போன் பழசாகி பேட்டரி உப்பியது. புதுப் போன் வாங்கினேன். பழையதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தேன், மெசேஜும் அதற்குள்ளேயே இருந்தது. வேறு எங்கேயாவது ஒரு காப்பி எடுத்து வைத்தாயா என்று கேட்பீர்கள். ஊரில் உள்ளவன் எல்லோரிடமும் காப்பி எடு, காப்பி எடு என்று தொண்டை வறளக் கத்துகிறவன் நான். எடுக்கவில்லை. அதைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலாகப் பார்க்க மனசு வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிவிட்டேன்.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் எர்ணாவூருக்குள் வந்தது. வெறும் தண்ணீர் இல்லை, மேலே கறுப்பாக ஆலை எண்ணெய் மிதந்தது. முழங்காலுக்கு மேல் நின்ற தண்ணீர் வடிய மூன்று நாள் ஆயிற்று. சுவரில் அந்தக் கறுப்புக் கோடு இன்னும் இருக்கிறது, இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தேன். கவருக்குள் தண்ணீர். போனை எடுத்து வேட்டியில் துடைத்தேன்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா. பேட்டரியைக் கழற்ற வேண்டும். நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஸ்பிரிட் போட்டுக் கழுவி, ரெண்டு நாள் உலர வைத்து, அதற்கப்புறம்தான் கரண்ட். ஆயிரம் போனுக்குச் செய்திருக்கிறேன். அன்றைக்கு அந்த நாறுகிற வீட்டில் நின்றுகொண்டு பட்டனை அமுக்கினேன். அவள் குரல் இருக்கிறதா என்று தெரிய வேண்டும், உடனே தெரிய வேண்டும், அவ்வளவுதான். திரை ஒரு தடவை வெளிச்சம் காட்டியது. கையில் சூடு தெரிந்தது. அணைந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் ஒரு போட் டிரைவர். என்னை விடச் சின்னவர், என்னிடம் எத்தனையோ தடவை திட்டு வாங்கியவர். வாசலில் சேறு தள்ளிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாமு, இன்னா ஆச்சு?"

"ஆன் பண்ட்டேன்" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. கேலி பண்ண வாயெடுத்தவர் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "வுடு மாமு" என்று மட்டும் சொல்லிவிட்டு என் வீட்டுச் சேற்றையும் சேர்த்துத் தள்ளினார்.

அதற்கப்புறம் நான் எனக்குத் தெரிந்த எல்லா வித்தையும் செய்து பார்த்தேன். போர்டிலிருந்து மெமரி சிப்பைச் சூடு காட்டிப் பெயர்த்து எடுத்தேன். சிப் உயிரோடுதான் இருந்தது. ஆனால் இந்தக் காலத்துப் போனில் மெமரியில் இருப்பதெல்லாம் பூட்டித்தான் இருக்கும். பூட்டைத் திறக்கிற சாவி பக்கத்தில் இருக்கிற இன்னொரு சிப்புக்குள். அதுதான் என் கையில் சூடாகிச் செத்தது. ஆக அவள் குரல் இருக்கிறது, என் மேஜை டிராயரில் விரல் நகம் அளவில் இருக்கிறது, இனி யாராலும் கேட்க முடியாது. எனக்கு மணலிலிருந்து செய்த இந்தச் சிப்புகளின் மேலேயே ஒரு வெறுப்பு வந்துவிட்டது. சோறு போடுகிற தொழில், என்ன செய்வது. மறுநாள் கடையைத் திறந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கம் பழைய இரும்பு குடோன் ஒன்றின் மாடியில் ஒரு ஆராய்ச்சிக்கூடம் வந்தது. வாடகை குறைவு என்று வந்திருப்பார்கள். மொத்தம் நாலு பேர். அங்கே பெரிய பொறுப்பில் இருந்தவர் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், திருநெல்வேலிப் பக்கம். அவர்களுடைய கம்ப்யூட்டர் மாசத்துக்கு ஒரு தடவை உப்பில் படுக்கும், என்னைக் கூப்பிடுவார்கள். நாலாவது தடவை போனபோது கேட்டேன், இங்கே என்னதான் ஆராய்ச்சி என்று.

"கம்ப்யூட்டருக்கு மாத்து சார்" என்றார். "சிலிக்கான் இல்லாம, டிஎன்ஏ வச்சு."

கம்ப்யூட்டருக்கு மாற்று கண்டுபிடிக்கிறவர்கள் கம்ப்யூட்டர் செத்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு, அதனால் நினைவிருக்கிறது.

"ரத்தத்துல அப்பன் யாருன்னு பாப்பாங்களே, அந்த டிஎன்ஏவா?"

"அதேதான் சார். ஆனா இது யாரோட ரத்தமும் இல்ல, மெஷின்ல செஞ்சது. சொல்லுதேன் கேளுங்க. அதுல நாலே எழுத்து. ஏ, டி, ஜி, சி. ஏ போய் டிகூட ஒட்டும், ஜி போய் சிகூட ஒட்டும். வேற எதுகூடயும் ஒட்டாது. ஒரு இழைய ட்யூப்ல போட்டா, கோடி இழைக்கு நடுவுல தன் ஜோடி எங்க இருக்குன்னு அதுவா தேடிக் கண்டுபிடிச்சு ஒட்டிக்கும். அந்தத் தேடல்தான் கணக்கு."

எனக்குப் பிடிபடவில்லை. அவர் ஒரு தாளை எடுத்து ராயபுரம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், புழல் என்று வட்டம் வட்டமாகப் போட்டார். ஒரு லாரி ராயபுரத்தில் கிளம்பி எல்லா இடத்தையும் ஒரே ஒரு தடவை தொட்டுப் புழலில் போய் நிற்க வேண்டும், வழி கண்டுபிடி என்றால், சிப் ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்க்கும். ஊர் கூடக்கூட வழி பெருகும், சிப் திணறும், சூடாகும். ட்யூபில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு இழை, ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு இழை போட்டால், எல்லா வழியும் ஒரே நேரத்தில் தானாகவே ஒட்டி உண்டாகிவிடும். சரியான வழியும் அதற்குள் இருக்கும். கரண்ட் கிட்டத்தட்டத் தேவையில்லை.

"ட்ரெய்லர் டிரைவருக்கு இதெல்லாம் வாணாம்மா" என்றேன். "எந்த ரோட்ல போனாலும் ஜாம்தான்."

சிரித்தார். அப்புறம் மறைக்காமல் சொன்னார்: "பதில் ட்யூப்ல சட்டுனு வந்துரும் சார். அத வெளிய எடுத்து வாசிக்கத்தான் ரெண்டு நாள் ஆகுது. தப்பும் வருது. சிப்ப ஓரங்கட்டிருவோம்னு இப்ப யாரும் சொல்ல முடியாது. ஆனா சேத்து வைக்கதுக்கு இத அடிச்சுக்க ஆளே இல்ல. ஒரு சொட்டுல ஒரு லைப்ரரி. உலர்த்தி, மூடி வச்சுட்டா நூறு வருசம் கழிச்சும் வாசிக்கலாம்."

பேசிக்கொண்டே ஒரு பாட்டிலில் இருந்து ட்யூபுக்குள் ஏதோ விட்டார். என்ன அது என்று கேட்டேன்.

"உப்புத் தண்ணி சார். உப்பு இல்லன்னா ரெண்டு இழையும் ஒண்ண ஒண்ணு தள்ளிவிட்டுரும். உப்பு இருந்தாத்தான் ஜோடி சேரும்."

இத்தனை வருஷமாக என் கண்ணெதிரில் எல்லாவற்றையும் தின்ற உப்பு. கம்ப்யூட்டரைச் சரி பண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் கூப்பிடாமலும் போக ஆரம்பித்தேன். ஃபேனில் தூசி தட்டுகிறேன், கனெக்‌ஷன் பார்க்கிறேன் என்று ஏதாவது சாக்கு. போக வேறு இடம் இல்லை என்பதுதான் நிஜம். டீ கொடுப்பார்கள். ஒரு நாள் அந்தம்மா "வீட்ல இன்னைக்கு என்ன சமையல் சார்?" என்று சாதாரணமாகக் கேட்டார். "மீன் கொழம்பு" என்று வாயில் வந்துவிட்டது. யார் சமைத்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் வாரத்துக்கு ஒரு தடவை கேட்பார், நான் சொல்வேன். "எங்க வூட்ல" வைத்த கத்திரிக்காய், "எங்க வூட்ல" திட்டியது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மாடியில் இருக்கிற நேரம் மட்டும் அவள் உயிரோடு இருந்தாள், எனக்கு அதை விட்டுவிட மனசில்லை.

போன மழைக்கு முன்னால் அவர்கள் ஒரு சோதனை வைத்தார்கள். பல பேரிடம் சின்னச் சின்னச் செய்தி வாங்கி, ஒவ்வொன்றையும் டிஎன்ஏ இழையாக்கி, எல்லாவற்றையும் ஒரே ட்யூபில் கலந்துவிடுவது. அப்புறம் கேட்கிற செய்தியை மட்டும் அந்தக் கூட்டத்திலிருந்து பிடித்து எடுக்க முடிகிறதா என்று பார்ப்பது. ஒவ்வொரு இழைக்கும் தலைப்பக்கம் ஒரு அடையாளத் துண்டு இருக்கும். அந்தத் துண்டின் ஜோடியைப் பொடி மாதிரி இருக்கிற காந்த மணியில் ஒட்டித் தூண்டில் மாதிரி உள்ளே விடுவார்கள். இழை வந்து மாட்டும். காந்தத்தைக் காட்டி வெளியே இழுப்பார்கள்.

"உங்களுக்கும் ஒரு இடம் சார்" என்றார். "நூத்திருவது எழுத்து, ஏ டி ஜி சி-ல. என்ன வேணா எழுதுங்க. நீங்களே மாத்திக் குடுங்க, என்ன எழுதிருக்குன்னு எங்களுக்குத் தெரியக் கூடாது. எடுத்த பிறகுதான் வாசிப்போம்."

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு எழுத்தை நாலு இடத்தில் மாற்றி மாற்றிப் போட்டால் இருநூற்று ஐம்பத்தாறு விதம் வரும். தமிழில் எழுத்து இருநூற்று நாற்பத்தேழு. ஒரு தமிழ் எழுத்துக்கு நாலு டிஎன்ஏ எழுத்து, அளவெடுத்துத் தைத்த மாதிரி, மிச்சம் ஒன்பது. மிச்சத்தில் ஒன்றை இடைவெளிக்குக் கொடுத்தேன். ஒரே எழுத்து நாலு தடவை வந்தால் வாசிக்கிற மெஷின் குழம்பும் என்றிருந்தார்கள், அதனால் ஏஏஏஏ, டிடிடிடி மாதிரி நாலையும் ஙௌ வகையறாவுக்குக் கொடுத்துவிட்டேன். ஙௌவை யார் எழுதப் போகிறார்கள். ஒரு வாரம் அட்டவணை போட்டேன். நூற்றிருபதை நாலால் வகுத்தால் முப்பது. ஆக எனக்கு முப்பது எழுத்துக்கு இடம்.

அவள் சொன்னதைத்தான் எழுத நினைத்தேன். முப்பதுக்குள் எங்கே அடங்கும். வர சொல்லோ ஒண்ணு என்பதோடு முடிந்துவிடும். குந்தினு கீறேன் என்பது வெளியே நின்றுவிடும். சுருக்கலாம் என்று பார்த்தேன். அவள் வார்த்தையை நான் வெட்டுவதா என்று கோபம் வந்தது. அதுவுமில்லாமல் எழுதி என்ன. அந்தக் குரல் வேண்டும், ராகம் இழுக்கிற அந்த "யோவ்" வேண்டும், அதை எந்த எழுத்தில் எழுதுவது. நோட்டை மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் திறக்கவில்லை. அழுதேன். வீட்டில் யாரும் இல்லை, சத்தமாகவே அழுதேன்.

மூன்றாவது நாள் கடையில் ஒரு போனைக் கழுவிக்கொண்டிருக்கும்போது தோன்றியது. அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். பதில் சொல்லாதவன் நான்.

கையைத் துடைத்துக்கொண்டு பில் தாளின் பின்பக்கம் எழுதினேன். எண்ணினேன். முதலில் "துன்னுட்டு படு" என்று எழுதியிருந்தேன், முப்பத்தொன்று வந்தது. "சாப்ட்டு" என்று மாற்றினேன். இடைவெளியோடு சேர்த்து முப்பது. அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக மாற்றி, ஏ டி ஜி சியாக மட்டும் எழுதி, மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இழை செய்து வர மூன்று வாரம். வந்ததும் காட்டினார்கள். சுண்டு விரல் அளவுகூட இல்லாத ட்யூப், உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அதில் என் முப்பது எழுத்து கோடிக்கணக்கான பிரதியில் இருக்கிறது என்றார்கள். நான் ஒரு பிரதி எடுக்காமல் இழந்தவன். எல்லோருடையதையும் கலந்தார்கள். சூடு காட்டினார்கள், ஆற விட்டார்கள், உப்புத் தண்ணீர் விட்டார்கள். என் முறை வந்தபோது தூண்டிலைப் போட்டு, காந்தத்தை ட்யூபின் பக்கத்தில் வைத்தார்கள். பழுப்பாக ஒரு பொடி ஓரமாக வந்து ஒட்டியது. மற்றதைக் கழுவி ஊற்றினார்கள். இரண்டு நாள் கழித்து வாசிப்போம் என்றார்கள்.

அந்த இரண்டு நாளும் எனக்கு வேலை ஓடவில்லை. வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து பேருடையதில் மூன்று பேருடையது வரவில்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். என்னுடையது வராவிட்டால் அது எனக்குத் தகும் என்றும் நினைத்தேன். போய்ச் சேராமலே போகட்டும், முதல் தடவை மட்டும் சேர்ந்ததா.

மூன்றாம் நாள் காலை பதினொன்றரைக்கு அந்தம்மா போன் பண்ணினார். கையில் ஒரு போர்டு இருந்தது. கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

"சார், மாட்டிருச்சு. வாங்க."

ஓடினேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கடையைப் பூட்டாமல் போயிருக்கிறேன். திரையில் நாலு எழுத்து வரிசை வரிசையாக நின்றது. நான் கொண்டுபோன அட்டவணை நோட்டை அவர் வாங்கிப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டார். நாலு நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தேடி, தாளில் எழுதிக்கொண்டே வந்தார். நான் உதவி பண்ணவில்லை. கைகட்டி நின்றேன். எழுதி முடித்துவிட்டு வாய்விட்டு வாசித்தார். எங்கள் பாஷை அவர் வாயில் நுழையவில்லை, நடுவில் தடுக்கியது.

"இதோ தண்ணி கேன் எடுத்து... எடுத்துகினு வரேன் நீ சாப்ட்டு படு."

அந்த வரியை நான் அதுவரை வாயால் சொல்லிப் பார்த்ததில்லை. எழுதும்போதுகூட எழுத்தைத்தான் எண்ணினேன். இன்னொருவர் குரலில் கேட்டபோதுதான் அது ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குச் சொல்கிற வார்த்தையாகக் காதில் விழுந்தது.

அந்தம்மா சிரித்துவிட்டார். "எல்லாரும் பேரு, பாட்டு, தத்துவம்னு எழுதிருக்காங்க. நீங்க தண்ணி கேனா சார்? யாருக்கு இது, அக்காவுக்கா?"

"எங்க வூட்லதான்" என்றேன்.

"கொண்டுபோய்க் காட்டுங்க. சிரிப்பாங்க."

சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஒரு வருஷமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தேன். முடியவில்லை.

"அவ இல்லம்மா. நாலு வருசம் ஆச்சு. அன்னிக்கு ஊசி போட்டுகினு எனக்காகக் குந்தினு இருந்தா. நான் இத்த சொல்லல."

அந்தம்மா கையில் இருந்த தாளைப் பார்த்தார். மீன் குழம்பு, கத்திரிக்காய் எல்லாம் அவருக்கு நினைவு வந்திருக்கும். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. தாளை நேராக்கிக்கொண்டு கேட்டார்:

"மறுபடி ஒருக்கா வாசிக்கவா சார்? தடுக்காம வாசிக்கேன்."

தலையாட்டினேன். மெதுவாக, எழுத்து எழுத்தாகப் பார்த்து, தடுக்காமல் வாசித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மிச்சம் இருந்ததை உலர்த்தி, மூடி போட்டு ஒரு ட்யூபில் கொடுத்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கடையைப் பூட்டிவிட்டு வருகிற வழியில் தண்ணீர் கடையில் ஒரு கேன் எடுத்து வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டேன். வீட்டில் பாதிக் கேன் இருந்தது, இருந்தாலும் எடுத்தேன். வாசலில் போட் டிரைவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். "இன்னா மாமு, இந்நேரத்துல வூட்டாண்ட?" என்றார்.

"சாப்புட வந்தேன்" என்றேன்.

கதவைத் திறந்து கேனை அதன் இடத்தில் இறக்கினேன். ட்யூபை டிராயரில் அந்தச் சிப்பின் பக்கத்தில் வைத்தேன். உலை வைத்தேன். சோறு வெந்தபோது மணி ஒன்றே முக்கால். ஒரு தட்டை எடுத்துப் போட்டு, அவள் உட்கார்ந்திருந்த சுவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.